இருமுடியோடு கரிமலை இறங்கும்போது ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 54. உயரம் 165 செ.மீ., எடை 68 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். போன சீசனில் சபரிமலைக்கு எருமேலியிலிருந்து காட்டு வழியான பெரிய பாதையில் போனேன். அழுதை மேடும் சரி, கரிமலை ஏற்றமும் சரி, பெரிய தொந்தரவு இல்லை. கரிமலை இறக்கத்தில் மட்டும் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். இரண்டாவது முறை இடுப்பில் நல்ல அடி. தலையில் இருமுடி 6 கிலோ இருக்கும், இடது தோளில் ஜோல்னாப் பை 5 கிலோ, வலது கையில் தண்ணீர் பாட்டில். கண்ணுக்கு பைஃபோக்கல் கண்ணாடி. இந்த வருடமும் மாலை போடப்போகிறேன். மறுபடி பெரிய பாதையில் போகலாமா? முதுகுப் பை வாங்கலாமா? முழங்கால் பட்டை போட்டால் விழாமல் இருக்குமா?
– வாசகர், திண்டுக்கல்

இயன்முறை மருத்துவர் பதில்:

சாமி, முழங்கால் பட்டையை முதலில் முடித்துவிடுவோம். அது உங்களை விழாமல் காப்பாற்றாது. மூட்டைச் சுற்றி ஒரு பிடிமான உணர்வு கிடைக்கும், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். இறுக்கமான பட்டையைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடந்தால் கால் வீங்குவதுதான் மிச்சம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கோளாறு முழங்காலில் இருப்பதாகத் தெரியவில்லை. சுமையை எங்கே வைத்தீர்கள், கைகள் எங்கே இருந்தன என்பதில்தான் இருக்கிறது.

நிற்கும்போது நம் உடம்பின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு அந்தப் புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக்குள் இருக்கும். உங்கள் உயரத்துக்குத் தரையிலிருந்து ஏறக்குறைய 92 செ.மீ. அதிலிருந்து நேர்கீழே ஒரு தூக்குநூலை விட்டால், நூல் பாதங்கள் அடைத்திருக்கும் இடத்துக்குள் விழுகிறவரை நிற்போம். வெளியே போனால் அடுத்த எட்டு வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் விழ வேண்டும். நடக்கும்போது பெரும்பாலான நேரம் ஒரு காலில்தான் நிற்கிறோம். அந்த ஒற்றைப் பாதத்தின் அகலம் 9, 10 செ.மீ. நடுவிலிருந்து பக்கவாட்டில் நமக்கு இருக்கும் இடம் நாலரை செ.மீ.தான்.

6 கிலோ இருமுடியைத் தலையில் வைத்ததும் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 175 செ.மீ. உயரத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் உடலும் சுமையும் சேர்ந்த எடைப்புள்ளி 92-லிருந்து 98, 99 செ.மீ.க்கு ஏறுகிறது. ஆறேழு செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் விழத் தொடங்கிய உடம்பைத் திருப்பி நிமிர்த்தும்போது உயரம் இரண்டு தடவை கணக்கில் வரும். கணுக்காலிலிருந்து சுமை இருக்கும் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கிக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால், உங்கள் எடையில் 9 சதவீதமே உள்ள இருமுடி, நிமிர்த்தும் வேலையைக் கால் பங்குக்கு மேல் கூட்டுகிறது. அதே 6 கிலோவை முதுகில், மார்பு உயரத்துக்குக் கீழே கட்டியிருந்தால் கூடுவது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான்.

தலைச்சுமைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. உயரத்தில் இருக்கும் எடை மெதுவாகத்தான் சாயத் தொடங்கும். அதனால் சமதரையில் தலைச்சுமைக்காரர் அசையாமல், அழகாக நடப்பார். சாய்ந்துவிட்ட பிறகு திருப்புவதுதான் கடினம். கரிமலையில் ஒரு சாய்ந்த கல்லின்மேல் கால் பட்டு உடம்பு 5 டிகிரி பக்கவாட்டில் போனால், இடுப்பு நகர்வது 8 செ.மீ., இருமுடி நகர்வது 15 செ.மீ. பாதத்தின் மொத்த அகலத்தைவிட அது அதிகம். நீங்கள் காலையில் நடக்கும் 5 கிலோமீட்டரில் இந்த நிலைமை ஒரு தடவைகூட வராது. தினமும் நடக்கிறேனே, எனக்கு ஏன் இப்படி என்ற ஆதங்கம் கடிதத்தில் தெரிகிறது. தார் ரோட்டு நடை நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் நல்லது; சமநிலைக்கு அது பயிற்சியே இல்லை.

இவ்வளவு சொன்னாலும், உங்களை விழவைத்ததில் இருமுடியின் பங்கு இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. முதல் ஆள் ஜோல்னாப் பை.

இடது தோளில் 5 கிலோ தொங்கினால் எடைப்புள்ளி ஒன்றரை செ.மீ. இடப்பக்கம் போகிறது. இருக்கிற நாலரையில் மூன்றில் ஒரு பங்கு அப்போதே காலி. அதை ஈடுகட்ட உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்ந்து நடக்கும். இது நின்றுகொண்டிருக்கும்போது. நடக்கும்போது பை ஆடவும் செய்யும். தோளிலிருந்து பையின் நடுப்பகுதி அரை மீட்டர் கீழே தொங்கினால், அது ஒரு தடவை போய்வர 1.4 வினாடி ஆகும். இறக்கத்தில் நிதானமாக நடப்பவர் இடது, வலது என்று இரண்டு எட்டு வைக்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு எட்டும் பையைத் தள்ளி ஆட்டத்தை வளர்த்துவிடும். மேட்டிலிருந்து கால் இறங்கி நிற்கும் நொடியில் பை முன்னால் வீசி உடம்பையும் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் எந்தப் பக்கம் விழுந்தீர்கள் என்று எழுதவில்லை. இடப்பக்கமோ, இடது முன்பக்கமோ என்றால் சந்தேகமே வேண்டாம், பைதான்.

மூன்றாவது, கைகள். ஒரு கை இருமுடியைப் பிடித்திருக்கிறது, இன்னொன்றில் பாட்டில். தடுமாறும்போது மனிதன் முதலில் செய்வது கைகளை விரிப்பது. உங்களுக்கு அது இல்லை. போதாததற்கு, சறுக்கும் நொடியில் பக்தர்களின் இரண்டு கையும் இருமுடியைக் காப்பாற்ற மேலே போகும். நெய்த்தேங்காய் உடையக்கூடாது என்ற பதற்றம் இயல்பானதுதான். ஆனால் இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்க விழுகிறவருக்கு முதல் அடி இடுப்பிலோ வால் எலும்பிலோதான் படும். உங்களுக்கு இடுப்பில் பட்டதை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, கண். கரடுமுரடான தரையில் நடப்பவர் பார்வை தன் காலடியில் இருப்பதில்லை. இரண்டு மூன்று எட்டு முன்னால் விழுகிறது. அங்கே எந்தக் கல்லில் கால் வைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கண் அடுத்த இடத்துக்குப் போய்விடும். இறக்கத்தில் அந்த இடத்தைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். தலையில் சுமை இருந்தால் குனிய முடியாது, கருவிழியை மட்டும் கீழே இறக்கிப் பார்ப்போம். பைஃபோக்கல் கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கான பவர். அதன் வழியாகத் தரையைப் பார்த்தால் கல்லும் வேரும் மங்கலாக, கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும். படிக்கட்டில் பைஃபோக்கல்காரர்கள் தடுக்கி விழுவது கண் மருத்துவர்களுக்கும் எங்களுக்கும் பழகிய விஷயம். மலைக்கென்று தூரப் பார்வைப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் குறைந்த செலவில் நிறைய பலன் தருவது இதுதான். கண்ணாடியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளவும்.

ஏறும்போது ஏன் இதெல்லாம் தெரியவில்லை? ஏற்றத்தில் உடம்பு மலைப்பக்கம் சாய்ந்திருக்கும். தடுமாறினால் முன்னால் இருக்கும் தரை கைக்கெட்டும் தூரத்தில். கண்ணுக்கும் அடுத்த படி பக்கத்தில். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். ஒவ்வொரு எட்டிலும் உடம்பும் சுமையும் சேர்ந்து கீழே விழுகின்றன. முன்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்த விழுகையைப் பிடித்து நிறுத்துகிறது. தசைக்கு மிகவும் சேதம் தரும் வேலை அது. கரிமலையில் அந்த வேலை ஏற்றம் முடிந்து களைத்த காலுக்கு வருகிறது. களைத்த தொடை முழங்காலை மடக்கித் தாங்காது. அதனால் காலை விறைப்பாக நீட்டி, குதிகாலை ஊன்றி இறங்கத் தொடங்குவோம். பயத்தில் உடம்பு பின்னால் சாயும். அப்போது பாதம் தரையை அழுத்துவது குறைந்து, முன்னால் தள்ளுவது அதிகமாகி, ஈரமண்ணிலும் சருகிலும் விருட்டென்று வழுக்கும். நீங்கள் 'சறுக்கி' என்று எழுதியிருப்பது அநேகமாக இதுதான். இஞ்சிப்பாறைக்கோட்டைக்குப் பிறகு வரும் வழுக்கு இறக்கத்தில் தப்பித்துவிட்டீர்கள் என்றால், அப்போது கால் களைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி செய்ய வேண்டியது. வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம். இருமுடியும் பையும் சேர்ந்து உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 7 கிலோவுக்குள் இருக்கட்டும். போன வருடம் 11 கிலோ சுமந்திருக்கிறீர்கள். நேபாளத்துச் சுமைகாரர்கள் தம் உடல் எடைக்கு ஏறக்குறைய சமமான சுமையோடு மலை ஏறுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் சிறுவயதிலிருந்து சுமப்பவர்கள். நெற்றியில் பட்டை போட்டுச் சுமையை முதுகோடு ஒட்டி வைக்கிறார்கள். சின்னச் சின்ன தூரம் நடந்து, டி வடிவக் கோலைச் சுமைக்கு முட்டுக்கொடுத்து நின்றபடியே இளைப்பாறுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு நாள் சுமக்கும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இருமுடியில் எடை எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தேங்காய்தான். உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோ. உங்கள் நெய்த்தேங்காய் போக, அண்ணன் வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு நேர்ச்சை இரண்டு, உடைக்க மூன்று என்று சேர்ந்தால் அதுவே 3 கிலோ ஆகிவிடும். உடைக்கும் தேங்காயைப் பம்பையிலும் சன்னிதானத்திலும் வாங்கிக்கொள்ளலாமா என்று குருசாமியிடம் கேளுங்கள். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் இவற்றை இருமுடியில் தவிர்க்கச் சொல்லி 2024-லேயே சபரிமலைத் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. கண்ணாடிப் பன்னீர் பாட்டிலை இன்னும் பலர் விடுவதில்லை. பின்முடியில், அதாவது இருமுடியின் பின்பக்கப் பையில், அரிசி அரைக்கிலோ போதும். மொத்தம் 4 கிலோவுக்குள் கொண்டுவரலாம்.

கட்டும் விதம் எடையைப் போலவே முக்கியம். கட்டி முடித்ததும் முன்முடிக்கும் பின்முடிக்கும் நடுவில் உள்ள இடத்தை ஒரு தடியில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முன்முடி கனத்துத் தாழ்ந்தால், நடக்கும்போது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும். அரைமணி நேரத்தில் தோளும் கழுத்தும் கெட்டியாகிவிடும், அந்தக் கை வேறு எதற்கும் உதவாது. அடுத்து, குலுக்கிப் பாருங்கள். தேங்காய் உருளும் சத்தம் கேட்டால் கட்டு தோல்வி. உருளும் தேங்காய், நீங்கள் இடப்பக்கம் சாயும்போது அதுவும் இடப்பக்கம் போகும். அரிசிப் பையைத் தேங்காய்களுக்கு நடுவே அடைத்து, அசையாதபடி கயிற்றை இறுக்க வேண்டும்.

தலைக்கும் இருமுடிக்கும் நடுவே சும்மாடு கட்டாயம். வெறும் துண்டை நாலாக மடித்துப் போடுவது போதாது, அது வியர்வையில் வழுக்கும். பருத்தித் துண்டை முறுக்கி, நடுவில் நாலைந்து செ.மீ. குழி விட்டு வளையமாகச் சுற்றுங்கள். வெளிவட்டம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். உச்சியின் வளைவில் அந்தக் குழி உட்கார்ந்துகொள்ளும். சுமை உருள இடமில்லாமல் போகும். நம் ஊரில் நாற்று, விறகு, தண்ணீர்க்குடம் சுமந்த பெண்கள் கையை விட்டுவிட்டு வரப்பில் நடந்ததற்கு இந்த வளையம் பாதிக் காரணம், கழுத்துப் பழக்கம் மீதி. மொட்டை மாடியில் நடந்து பாருங்கள். இருமுடியை ஒரு கையின் விரல் நுனிகளால் தொட்டுக்கொண்டாலே அது அசையாமல் நிற்க வேண்டும். இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் சும்மாடும் கட்டும் சரியில்லை.

முதுகுப் பை வாங்கலாமா என்றால், கண்டிப்பாக. பெரியது வேண்டாம்; 20 லிட்டர் கொள்ளளவு தாராளம். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை இரண்டும் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை தொப்புள்மேல் வராமல் இடுப்பெலும்பின் மேட்டில் உட்காரட்டும். கனமான பொருள் முதுகோடு ஒட்டி, தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில். போர்வை, மாற்று வேட்டி போன்ற லேசான துணிகள் வெளிப்பக்கம். கடைக்காரர் கனமானதை மேலே வைக்கச் சொல்வார். சமதரையில் அது சரி, கரிமலை மாதிரி இடத்தில் ஒரு சாண் கீழே இறக்கி வையுங்கள். பையின் மொத்த எடை 3 கிலோ, தண்ணீர் உட்பட. சீசனில் வழியிலுள்ள தாவளங்களில் (தங்குமிடங்களில்) தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கும். இரண்டு லிட்டர் பாட்டிலைச் சுமப்பது 2 கிலோவைச் சும்மா சுமப்பதுதான். அரை லிட்டர் வைத்துக்கொண்டு, கிடைக்கிற இடத்தில் நிரப்புங்கள். பாட்டில் பையின் பக்கவாட்டு உறைக்குள் இருக்கட்டும், கைக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலை, ஊன்றுகோல். இருமுடியைத் தொட்டிருக்கும் கை போக மீதிக் கையில் கோல். தரையில் ஊன்றி நின்றால் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம் சமதரைக்கு. இறக்கத்துக்கு அதைவிட ஐந்து முதல் பத்து செ.மீ. கூடுதல். உங்களுக்கு 115 செ.மீ. சரியாக வரும். நுனியில் ரப்பர் இருந்தால் ஈரப்பாறையில் பிடிக்கும். கோலை முதலில் கீழே ஊன்றி, பிறகு காலை இறக்க வேண்டும். பலர் காலை வைத்துவிட்டுக் கோலை இழுத்துக்கொண்டு போகிறார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. கைப்பிடியில் கயிறு இருந்தால் மணிக்கட்டில் மாட்டாதீர்கள். விழும்போது விரல் முறிவது அதனால்தான்.

இறங்கும் முறை. எட்டின் நீளத்தைப் பாதியாக்குங்கள். ஒரு பாதத்துக்கு முன்னால் அடுத்த பாதம், அதற்கு மேல் வேண்டாம். முழங்கால் இரண்டும் எப்போதும் லேசாக மடங்கியிருக்கட்டும். முன் காலை வைத்து, கல் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, பிறகே எடையை மாற்றுங்கள். அதுவரை எடை பின் காலில்தான். பாதம் முழுவதும் ஒன்றாகப் படியட்டும், குதிகால் மட்டும் முதலில் வேண்டாம். மூக்கு நுனி முன் முழங்காலுக்கு நேர் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டால் உடம்பு பின்னால் சாயாது. செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, இடம் வலமாக மாறிமாறி இறங்குங்கள். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுத் தோல் உரிந்து பளபளக்கும் வேர்களில் கால் வைக்கவே கூடாது, மழை இல்லாவிட்டாலும் அவை வழுக்கும். முன்னால் போகும் சாமிக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு ஆள் நீள இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு எட்டு முன்னால் உள்ள தரை கண்ணுக்குத் தெரியாது.

இறக்கம் மோசமாக இருக்கும் சில நூறு அடிகளுக்கு மட்டும், முன்முடி நெஞ்சிலும் பின்முடி முதுகிலும் வரும்படி இருமுடியைத் தோளுக்கு மாற்றிக்கொள்ள உங்கள் குழுவில் சம்மதம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அப்படிச் சுமப்பவர்கள் பலர் உண்டு. சுமை ஒரு முழம்போல கீழே இறங்கும், தலை குனிந்து தரையைப் பார்க்க முடியும். கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும், தோளை மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் இறக்கத்துக்கு அது லாபம்.

சறுக்கிவிட்டால்? எதிர்த்து நிமிரப் பார்க்காதீர்கள். முழங்காலை மடக்கி, மலைப்பக்கம் பிட்டம் பட உட்கார்ந்துவிடுங்கள். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு எலும்பு போகும். கட்டு இறுக்கமாக இருந்தால் உட்காரும் வேகத்தில் தேங்காய் உடையாது. ஆகவே ஒரு கை இருமுடியில் இருந்தால் போதும். இதை வீட்டில் மெத்தையின்மேல் ஐந்தாறு தடவை செய்து பாருங்கள்.

இளைப்பாறுவதிலும் ஒரு சேதி. பழைய பாதைகளோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையைக் குனியாமல், யார் உதவியும் இல்லாமல் தள்ளி வைக்கும் உயரத்தில் அது நிற்கும். தலைச்சுமையோடு குனிந்து எழுவதுதான் கழுத்துக்கும் சமநிலைக்கும் ஆபத்து என்று தெரிந்தவர்கள் நட்டது. காட்டுப்பாதையில் அரைமணிக்கு ஒரு முறை நின்று, இருமுடியை இறக்கவும் ஏற்றவும் கூட வரும் சாமி ஒருவரைக் கையேற்கச் சொல்லுங்கள். எழுந்ததும் உடனே நடக்காமல் பத்து வினாடி நில்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த நேரத்தில்தான் தலை சுற்றும். வனத்துறை நேரக் கட்டுப்பாடு வைத்திருப்பதால் கடைசி நேரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போகும் குழுக்கள் உண்டு. காலையில் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் அந்த ஓட்டம் தேவைப்படாது.

41 நாள் விரதம் உங்களுக்குக் கிடைத்த நல்ல அவகாசம். தசை பழக ஆறு வாரம் வேண்டும், கணக்கு சரியாக வருகிறது. முதல் பத்து நாள் சுமை வேண்டாம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, காலுக்கு 30 வினாடி. நாற்காலியில் மூன்று வினாடி எடுத்து மெதுவாக உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக இரண்டு சுற்று. வீட்டுப் படி ஒன்றில் பக்கவாட்டில் நின்று, தொங்கும் காலின் குதிகாலைக் கீழ்ப்படியில் மெதுவாகத் தொட்டு எடுப்பது, காலுக்குப் பத்து. நிற்கிற காலின் முழங்கால் உள்பக்கம் மடிந்தால் அதைக் கண்ணாடி முன்னால் நின்று திருத்துங்கள்; மலையில் அந்தக் கால்தான் முதலில் கைவிடும். பிறகு சும்மாட்டின்மேல் 2 கிலோ அரிசி வைத்து மொட்டை மாடியில் பத்து நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து 3 கிலோவோடு வயல் வரப்பு, காய்ந்த ஓடைப் படுகை மாதிரி மேடுபள்ளமான இடம்.

நான்காவது, ஐந்தாவது வாரம் பழனிக்குப் போய்வாருங்கள். ஆனால் எல்லோரும் செய்வதற்கு நேர்மாறாக, விஞ்சில் ஏறி, படிக்கட்டில் இறங்குங்கள். உங்களுக்கு வேண்டியது இறக்கப் பயிற்சி. முதல் தடவைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தொடை பிடித்துக்கொண்டு வலிக்கும், அது எதிர்பார்த்ததுதான். அதே இறக்கத்தை அடுத்த வாரம் செய்தால் வலி பாதிகூட இருக்காது. தசை ஒரு தடவையிலேயே பாடம் கற்றுக்கொண்டு சில வாரம் மறக்காமல் வைத்திருக்கும். இந்தக் காரணத்துக்காகவே கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நாள் இறக்கப் பயிற்சி கூடாது. வலியோடு போனால் கால் சொன்னதைக் கேட்காது.

இப்போது போகலாமா என்ற கேள்வி. எட்டு வருடச் சர்க்கரை என்பதால் இதற்குப் பதில் உங்கள் பாதத்தில் இருக்கிறது. மேடுபள்ளத்தை மூளைக்கு முதலில் சொல்வது உள்ளங்கால். அங்கே உணர்வு குறைந்திருந்தால், கால் சரிந்துவிட்டது என்ற செய்தி தாமதமாகப் போகும். தலையில் சுமை இருக்கும்போது அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. மாலை போடும் முன் சர்க்கரை மருத்துவரிடம் இரண்டு பரிசோதனை கேளுங்கள்: 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பது, அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. இரண்டிலும் உணர்வு சரியாக இருந்து, கண் திறந்தபடி ஒற்றைக்காலில் 30 வினாடி நிற்க முடிந்து, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்துக் குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிந்தால், பெரிய பாதை போகலாம். ஒற்றைக்காலில் 10 வினாடிகூட நிற்க முடியவில்லை, அல்லது இழை படுவது தெரியவில்லை என்றால் இந்த வருடம் பம்பை வழி மட்டும். கழுத்தைத் திருப்பும்போது கை மரத்துப்போவது, தலை சுற்றுவது இருந்தாலும் தலைச்சுமை வேண்டாம். முதலில் கழுத்தைக் காட்டுங்கள்.

வெறுங்காலா செருப்பா என்பது உங்கள் விரதம். பாதத்தில் உணர்வு நன்றாக இருப்பவருக்கு வெறுங்கால் சமநிலைக்குக் கெடுதல் இல்லை, கல்லின் சாய்வு உடனே தெரியும். உணர்வு குறைந்தவர் வெறுங்காலில் போவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். எப்படிப் போனாலும் ஹவாய் செருப்பு வேண்டாம். ஈரத்தில் பாதம் வாரைத் தாண்டி முன்னால் வழுக்கும். இரவில் உள்ளங்காலைக் கைக்கண்ணாடியில் பார்த்து, வெட்டு, கொப்புளம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

விரதத்தில் ஒரு வேளை சாப்பாடு என்றால் மாத்திரையின் அளவை நீங்களே மாற்றாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை என்றால் சாப்பிடாமல் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, கால் பின்னல் எல்லாம் வரும். பார்ப்பவர்கள் மலைக் களைப்பு என்று நினைப்பார்கள். 15 கிராம் குளுகோஸ் பொட்டலம் இரண்டை முதுகுப் பையில் போடாமல் வேட்டி மடிப்பில் வையுங்கள்.

சன்னிதானத்திலிருந்து பம்பைக்கு இறங்கும்போது இருமுடி ஏறக்குறைய காலியாக இருக்கும், மனசும் லேசாகியிருக்கும், தொடை மட்டும் முந்தின நாள் இறக்கத்தின் வலி உச்சத்தில் இருக்கும். நீலிமலை வழி செங்குத்து. சுவாமி ஐயப்பன் ரோடு கொஞ்சம் சுற்று, சாய்வு குறைவு. போலீஸ் விடுகிற பட்சத்தில் அந்த வழியில் இறங்குங்கள். பிரசாத டின்களைக் கைப்பையில் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அவற்றுக்கும் முதுகுப் பைதான் இடம்.